எங்கள் அத்தான் தோற்ற சண்டை

எங்கள் அத்தான் வாழ்க்கையில் ஒரேயொரு சண்டையில்தான் தோற்றார். அதற்குக் காரணம் நான்தான் என்று அப்பா சொல்வார். அப்பாதான் என்று நான் சொல்வேன். அத்தானைக் கேட்டால் தன்னுடைய வலது கையைக் காட்டுவார். அக்காவை ஒருவரும் கேட்பதில்லை. அவர் தோற்க வேண்டும் என்று அவள் அந்தோனியாருக்கு எத்தனை மெழுகுதிரி கொளுத்தினாள் என்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தவன் நான்.

அப்போது அவர் எனக்கு அத்தானாகவில்லை. எங்கள் ஊரான குருநகர் முழுவதும் அவரைச் 'சாம்பியன்' என்றே கூப்பிட்டது. சொந்தப் பெயர் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

அவருடைய வரலாற்றை அவர் வாயாலேயே நூறு தடவை கேட்டிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே சரித்திரப் பாடம் இதுதான்.

பதினெட்டு வயதில் கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை இறக்கப் போனார். ஒருநாள் கானிவேல் பார்க்கப் போன இடத்தில் குத்துச்சண்டைக் கூடாரம் ஒன்று இருந்தது. உள்ளே இருக்கிற பயில்வானோடு மூன்று ரவுண்ட் நின்றுபிடித்தால் பரிசு. இவர் நின்றார். பயில்வான்தான் நிற்கவில்லை. கூடாரக்காரர் அந்த இடத்திலேயே பழைய பயில்வானைக் கழற்றிவிட்டு இவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு காலி, கண்டி, அநுராதபுரம் என்று ஊர் ஊராகச் சண்டை. கூடாரத்துக்கு வெளியே மேடை போட்டு, சட்டையில்லாமல் இவரை நிறுத்தி, "இந்தத் தமிழனை விழுத்த ஆராவது ஆம்பிளை இருக்கிறானோ?" என்று மைக்கில் சிங்களத்தில் கேட்பார்களாம். சனம் வரிசையில் நின்று, ரிக்கற் எடுத்து, இவரை அடிக்க வரும். இவர் ஒவ்வொருவராக விழுத்துவார். விழுந்தவர்கள் எழும்பிக் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில், காசுக்கு அடிபடுகிற எல்லாக் கூடாரத்து ஆட்களையும் ஒன்றாக இறக்கி ஒரு போட்டி வைத்தார்கள். அதில் வென்றுதான் சாம்பியன் இடுப்புப்பட்டி கிடைத்தது. அகலமான தோல் பட்டி. முன்னால் தேங்காய்ப் பாதி அளவுக்குப் பித்தளைத் தகடு.

எண்பத்துமூன்று ஆடியில் அதே சனம் ரிக்கற் எடுக்காமல் அடிக்க வந்தது.

"ஒருத்தனுக்கு ஒருத்தன், நடுவிலை ஒரு நடுவர், மூண்டு நிமிசம், பேந்து ஒரு மணி. உதுதான் எனக்குத் தெரிஞ்ச சண்டை. உதொண்டும் இல்லாத இடத்திலை நான் என்ன செய்யிறது? ஓடினன்" என்பார்.

அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது ஒரு சாரம், ஒரு சோடிக் கையுறை, சாரத்துக்குள்ளே இடுப்பில் கட்டிய அந்தப் பட்டி. தோற்காமல் வந்தேன் என்பதுதான் அவருடைய மிச்சச் சொத்து.

யாழ்ப்பாணத்தில் வேறு குத்துச்சண்டைக்காரர் இல்லை. ஆளே இல்லாத இடத்தில் தோற்பது சரியான கஷ்டம். ஆனாலும் யாராவது சவால் விட்டால் நிற்க வேண்டும், அதுதான் சாம்பியனுக்குச் சட்டம் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதனால் வருசத்துக்கு ஒன்றிரண்டு சண்டை நடந்தது. ஒரு தச்சன், வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு வள்ளக்காரன், இரும்புக்கடையில் நிறை தூக்குகிற ஒருவன் என்று எல்லோரையும் விழுத்தினார். ஆனால் சும்மா கை தூக்க மாட்டார். காசு இல்லாத காலத்தில் சவுக்காரக் கட்டி வாங்கினார். சவுக்காரமும் வராத காலத்தில் இரண்டு போத்தல் மண்ணெண்ணெய். தொழில் என்றால் தொழில்தான்.

இந்தத் தொழிலைத்தான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா எங்கள் பங்குக் கோயிலின் சங்கிலித்தாம். பூசைக்கு மெழுகுதிரி ஏற்றுவதும் நேரத்துக்கு மணி அடிப்பதும் அவருடைய வேலை. அக்காவைக் கேட்டுச் சாம்பியன் தன் தாயோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு என்ன தொழில்?"

"சாம்பியன்" என்றார் அவருடைய தாய்.

"அதொரு தொழிலோ? அடி வாங்கிறதுக்குக் கூலி வாங்கிறது."

"நான் வாங்கிறேல்லை. குடுக்கிறனான்" என்றார் சாம்பியன்.

"அப்ப உந்த மூக்கு?"

நான் குறுக்கே விழுந்தேன். "அது கப்பலிலை வரேக்கை நெரிஞ்சது, அப்பா. சனம் கூட."

அப்பா என்னை வெளியே போகச் சொன்னார். நான் வாசலில் நின்று கேட்டேன். முடிவு சுருக்கமானது. சாம்பியன் கையுறையைக் கழற்றினால் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து, அடுத்த கிழமையே கலியாணம்.

"கழட்டலாம் மாமா. ஆனால் ஆரும் சவால் விட்டிருக்கேக்கை கழட்டினால் பயந்து விட்டதெண்டு வரும். சவால் ஒண்டும் இல்லாத நேரமாப் பாத்துக் கழட்டுறன்."

அந்த நேரம் வரவேயில்லை. ஒருவனை விழுத்தினால் அந்தச் செய்தி அடுத்த ஊருக்குப் போகும். அங்கே ஒருவனுக்கு உடம்பு உளையும். இப்படியே மூன்று வருசம் போயிற்று. அக்காவுக்கு முப்பதாகிவிட்டது. ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள்.

"ஏன்டா, உந்த யாழ்ப்பாணம் முழுக்க உவருக்கு நல்லா ஒண்டு குடுக்க ஒரு ஆம்பிளை இல்லையோ?"

"நீ வேணுமெண்டால் சவால் விடு அக்கா. கையிலை கத்தியும் இருக்கு."

"போடா விசரா. நான் அவரைக் கட்ட வேணுமெண்டுதான் கேக்கிறன்."

அன்றைக்குத்தான் மெழுகுதிரி தொடங்கியது.

அந்த வருசக் கோயில் பெருநாளுக்கு முன்னால் பிரான்சிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெருநாள் முடிய மறுமொழி எழுதுகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். சாம்பியனைக் கோயில் வாசலில் வைத்து மறித்து, "இதுதான் கடைசி. பெருநாளுக்குள்ளை கழட்டினால் நீ. இல்லாட்டி பிரான்ஸ்" என்றார். சாம்பியன் ஓம் என்றார். அடுத்தநாளே மருதனார்மடத்திலிருந்து சவால் வந்தது.

சவால் விட்டவர் வெங்காயத் தோட்டம் செய்கிற வீட்டுப் பையன். வயது இருபத்தைந்து இருக்கும். சந்தைக்கு இரண்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவாராம். நல்ல சைவம். சண்டைக்கு வரும்போது வைரவருக்கு வடைமாலை நேர்ந்து, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். கூட வந்தவர்கள் இருபது சைக்கிள்.

பெருநாள் விளையாட்டுகளில் கடைசியாகச் சண்டை. கடலுக்குப் போகத் தடை இருந்த காலம், ஆகவே குருநகர் ஆண்கள் முழுவதும் கரையில்தான். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் மேலிருந்து தெரியக்கூடாது என்று பூவரச மரங்களுக்குக் கீழே நாலு கம்பு நட்டு, வள்ளம் கட்டுகிற கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். நடுவராக வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு உடற்பயிற்சி வாத்தியாரைப் பிடித்தோம். அவர் புரட்டஸ்தாந்து. எங்கள் ஆளும் இல்லை, அவர்கள் ஆளும் இல்லை. இதைவிட நடுநிலை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் கிடைக்காது.

அறிவிப்பாளர் நான். மின்சாரம் இல்லாததால் தகரத்தைச் சுருட்டிப் புனல் மாதிரி ஒன்று செய்து அதற்குள்ளே கத்தினேன். ரவுண்ட் தொடங்கவும் முடியவும் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் அடிப்பதும் நான்தான். ஒரே ஒரு பிரச்சினை. மூன்று நிமிசம் எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்? பற்றரி வருவதற்குத் தடை போட்டு எவ்வளவோ காலம். ஊரில் இருந்த மணிக்கூடுகள் எல்லாம் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டன. சாவி கொடுக்கிற மணிக்கூடு அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. செக்கன் கம்பியும் உண்டு. கேட்டால் தரமாட்டார். அவர் மத்தியானம் படுத்திருக்கும்போது கேட்காமல் எடுத்தேன்.

அப்பா எழும்பித் தேடியிருக்கிறார். அன்றைக்கு வானம் மப்பு. வெயிலைப் பார்த்தும் நேரம் சொல்ல முடியாது. கோயில் மணி பிந்தினால் ஊர் சிரிக்கும், முந்தினால் ஒருவருக்கும் தெரியாது என்று முடிவெடுத்து, மணிக்கூண்டுக்கு ஏறிவிட்டார். இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் தகரத்துக்குள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பக்கம், கொழும்பிலை வென்ற, ஒருக்காலும் தோற்காத சாம்பியன்! அந்தப் பக்கம், வெங்காயத்தைத் தவிர வேறை ஒண்டையும் இதுவரை உரிச்சறியாத மருதனார்மடத்துத் தம்பி!"

"டேய் தகரம், வந்து உன்னையும் உரிக்கட்டோ?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"வரிசையிலை வாங்கோ அண்ணை. முதலிலை ரிக்கற் எடுங்கோ."

முதல் இரண்டு ரவுண்டும் சாம்பியன் விளையாடினார். நாற்பதைத் தொடுகிற மனிதன், மணலில் கால் புதையாமல் சுற்றிச் சுற்றிப் போனார். தம்பி வீசியதெல்லாம் காற்றில். மூன்றாவதில் இவருடைய குத்து ஒன்று தம்பியின் வயிற்றில் இறங்கியது. அவர் கயிற்றோடு சாய்ந்தார். முடிந்தது என்று நினைத்தேன். வெற்றிச் செய்தியைக் கத்துவதற்கு வாயைத் தகரத்தில் வைத்தேன்.

அப்போது கோயில் மணி அடித்தது.

எங்களுடைய ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடலில் வலையை இழுத்துக்கொண்டிருந்தாலும், கரையில் ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தாலும், அந்தியில் ஆறு மணிக்குத் திரிகாலச் செபத்துக்கு மணி அடித்தால் விட்டுவிட்டு எழும்பி நிற்போம். மடித்த சாரம் இறங்கும், தலைத்துண்டு கழலும், கை நெற்றிக்குப் போகும். மூளையைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. கானிவேல் சண்டையெல்லாம் விளக்கு வைத்த பிறகு, அங்கே மணியும் இல்லை. ஊர்ச் சண்டைகள் ஐந்தரைக்கு முன்னம் முடிந்துவிடும். இருபது வருசத் தொழிலில் சாம்பியன் கையுறையோடு நிற்கும்போது அந்த மணியைக் கேட்டதேயில்லை.

குருநகர் ஒரே அசைவில் எழும்பி அமைதியானது. சாம்பியனும் நேராக நின்றார். வலது கையுறை நெற்றிக்குப் போனது, பிதா. நெஞ்சுக்கு இறங்கியது, சுதன். தம்பிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? எதிரில் ஒரு மனிதன் திடீரென்று முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். பரிசுத்த ஆவிக்குப் போகமுன்னம் தாடையில் ஒன்று போட்டார். மூட்டை தூக்குகிற கை.

சாம்பியன் மணலில் நீட்டாகப் படுத்தார்.

ஒருவரும் கத்தவில்லை. கத்த முடியாது, செபம் நடக்கிறது. நானூறு பேர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, புரட்டஸ்தாந்து வாத்தியார் குனிந்து "ஒண்டு... ரெண்டு..." என்று தொடங்கினார். இரண்டும் சேர்ந்து போயின. பத்து முடிந்தபோது எங்களுக்கு இன்னும் ஒரு மரியே மிச்சம் இருந்தது. அதையும் சொல்லி, சிலுவை போட்டு, சாரத்தை மறுபடி மடித்துக் கட்டிய பிறகுதான் குருநகர் வாயைத் திறந்தது.

"கள்ள அடி! செபத்துக்கை அடிச்சவன்!"

"மணி அடிச்சா நிப்பாட்ட வேணுமெண்டு ஆர் சொன்னது? தகரம் அடிச்சால்தான் ரவுண்ட் முடிவு எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றார்கள் மருதனார்மடத்தார்.

"கோயில் மணிக்கு ஒரு மரியாதை இல்லையோ?"

"மரியாதைக்கு ஆறு மணியெல்லோ? இப்ப நேரம் என்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் மணிக்கூடு இருந்தது. ஆறாக இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருந்தது. பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள்ளே மணிக்கூண்டிலிருந்து இறங்கி ஓடிவந்த அப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"என்ரை மணிக்கூடு உன்ரை கையிலை என்னத்துக்கடா?"

அதோடு வழக்கு இன்னும் சிக்கலாகிவிட்டது. நேரம் பிழைத்த மணிக்குச் சொன்ன செபம் செபமோ இல்லையோ என்று இரண்டு ஊரும் விவாதித்தது. மருதனார்மடத்தார் எங்கள் வேதத்தை எங்களுக்கே விளங்கப்படுத்தினார்கள்.

இதற்கிடையில் சாம்பியன் எழும்பி உட்கார்ந்து, "எத்தினையாம் ரவுண்ட்?" என்று கேட்டார். தலையில் தண்ணீர் ஊற்றி விஷயத்தைச் சொன்னோம்.

பங்குச் சுவாமியார் வந்தார். முழுவதையும் கேட்டார். அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க ஆளில்லை.

"மணி எத்தினைக்கு அடிச்சாலும் செபம் செபந்தான். உம்மடை கை இறங்கினது செபத்துக்கெண்டால் இது அடி இல்லை. வாற ஞாயிறு திரும்ப நடத்தட்டும். நீர் சொல்லும்" என்றார் சாம்பியனிடம்.

மருதனார்மடத்துத் தம்பியே முன்னுக்கு வந்தார். முகம் சுருங்கியிருந்தது. "அண்ணை, நீங்கள் சாமி கும்பிட்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. அப்பிடியெண்டால் எனக்கு இந்த வெற்றி வேண்டாம். வைரவர் என்னைச் சும்மா விடார்."

ஆக, சாம்பியன் ஒரு வசனம் சொன்னால் போதும். 'ஓம், செபம்தான்.' பட்டி இடுப்பிலேயே இருக்கும். ஒருக்காலும் தோற்காதவர், தோற்காதவராகவே இருப்பார். வருகிற ஞாயிறு இன்னொரு சண்டை நடக்கும். அக்கா பிரான்சுக்குப் போவாள்.

"சொல்லுங்கோ அண்ணை, செபமெண்டு சொல்லுங்கோ!" என்று நானூறு பேரும் கத்தினார்கள். நான் தகரத்துக்குள்ளே கத்தினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அக்காவை அந்த நேரம் நான் மறந்துவிட்டேன். தோற்றவருக்கு அறிவிப்பாளராக இருப்பதில் என்ன மதிப்பு?

பெண்கள் வேலிப்பக்கம் நின்றார்கள். அக்காவும் நின்றாள். அவள் கத்தவில்லை. சாம்பியன் அந்தப் பக்கம் பார்த்தாரா என்று பலர் பிறகு என்னைக் கேட்டார்கள். பார்க்கவில்லை. அவர் தன்னுடைய வலது கையுறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இதுவரை இருந்ததே தெரியாத ஒரு சாமானைப் பார்ப்பதுபோல.

"இல்லைச் சுவாமி" என்றார்.

"என்ன இல்லை?"

"செபமெண்டு சொன்னால் பொய். கை தன்ரைபாட்டிலை போனது. மனம் இவன்ரை வயித்திலைதான் நிண்டது, அடுத்ததை எங்கை குடுப்பம் எண்டு." வாயில் இருந்த இரத்தத்தை ஒருபக்கம் துப்பினார். "விழுந்தது நான். வாத்தியார் பத்து எண்ணினது சரி. தம்பி வெண்டுட்டார்."

கூட்டத்தில் ஒருவர் அழுதார். நான் இல்லை. எனக்குக் கண்ணில் மணல்.

அப்பாவுக்கு மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. "சுவாமிக்கு முன்னாலை, செபிக்கேல்லையெண்டு ஊரறியச் சொல்லுறான். உவனுக்கோ நான் பிள்ளையைக் குடுக்கிறது?"

வேலிப் பக்கத்திலிருந்து அக்கா வந்தாள். மூன்று வருசம் இதைப் பற்றி அப்பாவிடம் வாய் திறக்காதவள்.

"அப்பா, பன்னிரண்டு நிமிசம் முந்தி மணி அடிச்சவரைக் கோயிலிலை வைச்சிருக்கிறாங்கள்தானே. நான் உவரை வீட்டிலை வைச்சிருக்கிறன்."

சுவாமியாருக்கு இருமல் வந்தது. அப்பா மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தார், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதும். யாரையும் பார்க்காமல், "வாற ஞாயிறு முதல் ஓலையை வாசியுங்கோ சுவாமி" என்றார். பிரான்சுக்கு மறுமொழி எழுத என்னைத்தான் பிடித்தார்கள். எட்டாம் வகுப்புத் தமிழில் எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் பகுதியிலிருந்து சத்தமேயில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு பட்டியைக் கொடுக்க வேண்டியிருந்தது. சாம்பியன் கழற்றித் தம்பியின் இடுப்பில் வைத்துப் பார்த்தார். தம்பிக்கு வெங்காயத் தோட்டத்து இடுப்பு, ஒல்லி. கடைசித் துளையிலும் பட்டி வழுகியது. சாம்பியன் என்னிடம் ஒரு ஆணி கேட்டு வாங்கினார். வள்ளத்தின் ஓரத்தில் பட்டியை வைத்துக் கல்லால் தட்டிப் புதுத் துளை போட்டார். போட்டுக்கொண்டே பாடம் நடத்தினார்.

"ஆரும் சவால் விட்டால் மாட்டனெண்டு சொல்லக் கூடாது. வருத்தமெண்டும் சொல்லக் கூடாது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

"தம்பிக்குக் கலியாணம் ஏதும் பேசியிருக்கோ?"

"ஓம். தை பிறக்க எண்டு சொல்லியிருக்கினம்."

சாம்பியன் கல்லைக் கீழே வைத்தார்.

"எண்டால் மார்கழிக்குள்ளை ஆரையும் பிடிச்சுத் தோத்துப்போடும்."

தம்பி சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.